அம்மாவின் கால் மெசினைத் திரும்ப ஓட வைத்த 19 நாள்

போன சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, இரண்டாக மடித்த ஒரு பழைய வொயில் துண்டில், ஒரு முழ நீளத்துக்கு நேர்த்தையல் விழுந்தது. அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி, எங்கேயும் தப்பாமல். துணியை யன்னலடியில் கொண்டுபோய் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்து இன்னும் மூன்று வரி தைத்தேன். மறந்துபோக முன் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். இந்த மாதிரி ஒரு மெசின் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டு விறாந்தைகளில் இறுகிப்போய் நிற்கிறது, அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும்.

மெசின் சிங்கர், 15கே என்ற வகை. கறுப்பு உடம்பு, பொன்னிறப் பூவேலை. தட்டின் வலது முன்மூலையில் பொறித்த இலக்கம் ஈ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் ஸ்கொட்லாந்தில் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் செய்தது. அந்தத் தொழிற்சாலையையே 1980இல் மூடிவிட்டார்கள். 1963இல் அம்மாவின் கலியாணத்தின்போது சீதனத்தோடு வந்தது, அப்போதே கைமாறி வந்த பழைய மெசின். எனக்குத் தையல் என்றால் அந்தச் சத்தம்தான். ஆறு வயதில் அதன் மிதிபலகையில் அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் என் காலையும் வைத்து மிதித்திருக்கிறேன். எட்டு வயதில் பொம்மைக்குச் சட்டை. பிறகு கைத்தையல், எம்பிராய்டரி, குறோசே, கம்பளிப் பின்னல் என்று கைக்கு வந்த எல்லாவற்றையும் பழகினேன். ஊரில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் இன்றைக்கும் ஒரு சோடி காலுறையும் தொப்பியும் என் கையால் பின்னிப் போகும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, அம்மா மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் வரிந்து கட்டினார். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போய்ச் சேர மறுநாள் ஆகிவிட்டது. இரும்புக்கால் கொக்குவில் வீட்டிலேயே நின்றுவிட்டது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலை விறாந்தையில், தலையை வாங்கில் வைத்து, வலது கையால் சில்லைச் சுழற்றி இடது கையால் துணியைத் தள்ளி, அம்மா பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தார். மெசின் எண்ணெய் கிடைக்கவில்லை. தேங்காயெண்ணெய் விட்டார். இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. முப்பது வருடத்துக்குப் பிறகு நான் பட்ட பாடு முழுக்க அந்தத் தேங்காயெண்ணெயோடுதான்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கால் நின்றது, இலாச்சிகள் இல்லை, பெல்ட் இல்லை. அம்மா எப்படியோ சமாளித்துத் தைத்தார். 2011இல் அவர் போன பிறகு நான் மின் மெசினோடு இருந்துவிட்டேன். இது சும்மா நின்றது. ஆடி பிறந்த கையோடு, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் பெறாமகனின் ஐந்து வயது மகளுக்கு ஒரு பாவாடை தைத்துக் கொடுக்க வேண்டும், அதை இந்த மெசினில்தான் தைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதல் மூன்று நாளும் வீண். சில்லு ஒரு நூலளவும் அசையவில்லை. மெசின் எண்ணெய் ஒரு போத்தல் வாங்கி, கண்ட துளை எல்லாவற்றிலும் விட்டேன். காலையும் மாலையும் விட்டேன். காய்ந்து பிசினான எண்ணெய்க்கு மேல் புது எண்ணெய் ஊற்றினால் அது வழிந்து கீழே போகிறதே தவிர ஒன்றையும் இளக்காது. பெறாமகன் வந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, ஒரு பைப்பைப் போட்டு நெம்பினால் சுத்தும்" என்றான். நல்ல வேளை, நான் விடவில்லை.

நாலாம் நாள் கஸ்தூரியார் வீதிப் பக்கம் பழைய மெசின் திருத்துகிற ஒரு ஐயாவைத் தேடிப் போனேன். எண்பதை நெருங்கிய வயது. தலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல் படம் மட்டும் காட்டினேன். "இறுக்கித் திருப்பாதேங்கோ பிள்ளை. உடைஞ்சால் சாமான் எடுக்கேலாது. இதுக்கு ஒண்டும் நடக்கேல்லை, எண்ணெய் பிடிச்சுப்போய்க் கிடக்கு. மண்ணெண்ணெய் விட்டு மத்தியான வெயிலிலை வையுங்கோ. சூடு ஏற ஏற இளகும்." காசு வாங்கவில்லை. வேலை முடிந்த பிறகு பத்துக் கறுத்தக்கொழும்பான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் சொன்னபடி செய்தேன். மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 185 ரூபாவுக்கு வாங்கினேன், அதில் பாதிகூட முடியவில்லை. ஊசியில்லாத மருந்துச் சிறிஞ்சில் இழுத்து ஒவ்வொரு துளையிலும் ஐந்தாறு துளி. இடது முகத்தகட்டைக் கழற்றி ஊசித்தண்டிலும், துணியை அழுத்தும் பாதத்தின் தண்டிலும். தலையைப் பின்பக்கம் சாய்த்து அடியில் உள்ள ஒவ்வொரு மூட்டிலும். பிறகு முற்றத்தில் பழைய மேசையில் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை வெயில். இரும்பு தொட முடியாத அளவு சூடேறும். துணியால் பிடித்து, சில்லை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுவேன், ஒரு நேரத்தில் இருபது தரம். அடுப்படிக்குக் கிட்ட இதைச் செய்யாதீர்கள். அந்த ஆறு நாளும் நான் விளக்குக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

முதல் நாள் கால் அங்குலம் அசைந்தது. இரண்டாம் நாள் அரை. மூன்றாம் நாளும் அதே அரை, மனம் விழுந்துபோனது. நாலாம் நாள் சூட்டோடு ஆட்டும்போது, ஊசித்தண்டு ஓடும் குழாயிலிருந்து தேன் நிறத்தில் ஒரு திரவம் கசிந்து வந்தது. விரலில் தொட்டு மணந்து பார்த்தேன். சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய் மணம், மண்ணெண்ணெய்க்குள்ளும் தெரிந்தது. சாவகச்சேரியில் அம்மா விட்ட எண்ணெய். அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்ய எனக்கு முடியவில்லை, துடைத்த துணியை எறியவும் மனம் வரவில்லை. ஆறாம் நாள், அதாவது வேலை தொடங்கிப் பத்தாம் நாள், சில்லு முழு வட்டம் சுற்றியது.

இந்த இடத்தில் ஒரு பிழை. ஆடி மாதம் யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று. திறந்து வைத்த மெசினுக்குள் மண்ணெண்ணெய் ஈரத்தில் புழுதி வந்து அப்பிவிட்டது. இரண்டாம் நாள்தான் கண்டேன். பிறகு பழைய வேட்டியை இரண்டாக மடித்து மூடிக் கல் வைத்தேன். வெயில் சூடு துணிக்குள்ளாலும் ஏறுகிறது. முதல் நாளே மூடியிருந்தால் பல் பிரஷால் தேய்த்த மூன்று மணித்தியாலம் மிச்சம்.

அடுத்து பொபின், அதாவது கீழ்நூல் சுற்றியிருக்கும் சின்ன உருளை, இருக்கும் பக்கம். பொபின் கூட்டை எடுத்து, அதற்குப் பின்னால் இருக்கும் கொக்கியைக் கழற்றினேன். பின்சுவரில் நூல் சுற்றி இறுகிக் கிடந்தது. வெள்ளை நூல்தான், பழுப்பேறிவிட்டது. சாமணத்தால் இழுத்தெடுத்ததை நேராக்கி அளந்தால் பதினேழு அங்குலம். துணி நகர்த்தும் பற்களுக்கிடையில் பஞ்சு கம்பளித் துண்டு போலத் திரண்டிருந்தது, அதை ஊக்கின் முனையால் கிளறி எடுத்தேன். இந்த இடத்தைச் சுத்தம் செய்யாமல் மெசின் பாரமாக ஓடுகிறது என்று சொல்பவர்கள் அதிகம். மாதம் ஒரு தரம் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள்.

திருப்புளி பற்றி ஒரு வார்த்தை. வீட்டிலிருந்த திருப்புளியின் அலகு மெல்லியது, பழைய மெசினின் ஆணிப் பிளவுகளுக்குப் பொருந்தாது. முகத்தகட்டு ஆணியில் அது வழுக்கி, பிளவின் ஒரு விளிம்பு சிதைந்துவிட்டது. அதன் பிறகு தடித்த அலகுள்ள ஒன்றை எடுத்து, பிளவுக்குள் ஆடாமல் இறங்கும்வரை அரத்தால் ராவினேன். அரை மணி வேலை. அந்த அரை மணியை முதலே செலவழித்திருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது பெரிய பிழை, திருத்த முடியாதது. மெசினின் உடம்பெல்லாம் பழுப்புப் படலம். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்தால் மெதுவாகத்தான் போகிறது. எனக்குப் பொறுமை இல்லாமல் போய், காயம் துடைக்கிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தட்டின் இடது மூலையில் தேய்த்தேன். படலம் ஒரே இழுப்பில் வந்தது. சந்தோஷத்தில் இன்னொரு இழுப்பு. மூன்றாவதில் பஞ்சு பொன்னிறமாகிவிட்டது. அந்தப் பூவேலைக்கு மேல் பூசியிருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இரண்டு அங்குலப் பூ வெள்ளிநிறமாகி, நடுவில் கறுப்பும் தெரிகிறது. முன்விளிம்பில் பொன் ஏற்கெனவே தேய்ந்திருந்தது, அது அம்மாவின் கை உரசி உரசித் தேய்ந்தது, நாற்பத்தெட்டு வருடத் தேய்மானம். நான் அழித்தது ஒரு நிமிடத்தில். அன்று இரவு நித்திரை வரவில்லை. தயவுசெய்து ஸ்பிரிட், தின்னர், எதுவும் வேண்டாம். மெசின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும், நாலு நாள் எடுத்தாலும் பூ நிற்கும்.

இரும்புக்கால் வேலை சுலபம், ஆனால் அழுக்கு. கம்பிப் பிரஷ், எமரித்தாள் இரண்டு, தேங்காய்த் தும்பும் மண்ணெண்ணெயும். மிதிபலகையின் இரண்டு முனையிலும் கூம்பு ஆணிகள் தாங்குகின்றன. அவற்றைக் கால் சுற்றுத் தளர்த்தி எண்ணெய் விட்டதும் பலகை ஒரு விரலால் தள்ள ஆடியது. பெரிய சில்லின் அச்சுக்கும் அப்படித்தான்.

பெல்ட்டில்தான் காசு போனது. உருண்டை லெதர் பெல்ட், ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு தடிப்பு, 72 அங்குலம், 650 ரூபா, முனையில் கம்பிக் கொளுவியோடு வருகிறது. சில்லைச் சுற்றிக் கயிறு பிடித்து அளந்து, நன்றாக இறுகட்டும் என்று ஒன்றரை அங்குலம் குறைத்து வெட்டினேன். மாட்டினால் மிதிக்க முடியவில்லை, தொடை வலித்தது. அவ்வளவு இறுக்கத்தில் ஓட்டினால் அச்சுதான் தேயும். வெட்டிய லெதர் வளராதே, மற்ற பெல்ட் வாங்கினேன், இன்னொரு 650. இந்தத் தரம் கயிற்றின் அளவுக்குச் சரியாக வெட்டினேன், 69 அங்குலம். சூடாக்கிய ஆணியால் துளை. லெதர் ஓட ஓட இழுபடும், இரண்டு மூன்று நாளில் வழுக்கத் தொடங்கும், அப்போது கால் அங்குலம் வெட்டினால் சரி. நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழ வேண்டும், அதுதான் கணக்கு.

பிறகு பொபினுக்கு நூல் சுற்றப் பார்த்தால் ஊசியும் சேர்ந்து குத்துகிறது. சில்லின் நடுவில் உள்ள பெரிய குமிழைத் தளர்த்தினால் சில்லு மட்டும் தனியே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. சில்லைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டது நான்தானே, என்ன பிழை விட்டேன் என்று இரண்டு மணித்தியாலம். குமிழுக்குப் பின்னால் மூன்று காது உள்ள ஒரு வாசர் இருக்கிறது. அதை இரண்டு விதமாகப் போடலாம், ஒரு விதம்தான் சரி. எடுத்து அரை வட்டம் திருப்பிப் போட்டேன், வேலை முடிந்தது. கழற்ற முன் எந்தக் காது மேலே என்று சோக்கால் ஒரு கோடு, இல்லாவிட்டால் தொலைபேசியில் ஒரு படம். பொபினுக்கு நூல் சுற்றும் கருவியின் சின்ன றப்பர் வளையமும் கல்லாகியிருந்தது, புதியது 120 ரூபா.

பதினேழாம் நாள் ஊசி போட்டேன். இதில் ஒரு நல்ல செய்தி. முக்கால் நூற்றாண்டுப் பழைய மெசினுக்கும் என் மின் மெசினுக்கும் ஒரே ஊசிதான், பொபினும் இன்றும் எங்கும் வாங்கக்கூடிய அதே வகை. பதினாலாம் நம்பர் ஊசி ஒரு பெட்டி 280, பொபின் ஐந்து 200. கோர்த்து மிதித்தேன். ஒரு தையல்கூட விழவில்லை. கீழ்நூலை எடுக்கவே இல்லை.

அந்த இரண்டு நாளும் செய்யாததில்லை. மேல்நூலின் இழுவையைக் கூட்டினேன், குறைத்தேன். நூல் தாங்கும் சின்னச் சுருள்கம்பியை மாற்றினேன், 150 ரூபா, பழையது நன்றாகவே இருந்தது. அம்மாவின் தகரத்திலிருந்த நூலைச் சந்தேகப்பட்டேன். அது சரியான சந்தேகம்தான், கையால் இழுத்தாலே சோளச்சக்கை போல அறுந்தது. பழைய நூலை நினைவுக்கு வையுங்கள், தைக்காதீர்கள். புது நூல் இரண்டு கட்டை 360. அப்போதும் தையல் விழவில்லை. ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிசகிவிட்டதோ என்று ஊசித்தண்டின் ஆணியில் திருப்புளியை வைத்தும்விட்டேன்.

அதைத் திருகியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. கையை எடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து, அம்மா எப்படிக் கோர்ப்பார் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். நூல் முனையை உதட்டில் ஈரமாக்குவார். கை ஊசிக்கு வலது பக்கத்திலிருந்து வரும். வலதிலிருந்து இடதுக்கு. என் மின் மெசினில் முன்னிருந்து பின்னுக்குக் கோர்க்கிறேன், ஊசியின் தட்டைப் பக்கம் பின்னுக்கு இருக்கும். அந்தப் பழக்கத்தில் இதிலும் எதையோ உத்தேசித்து, தட்டைப் பக்கத்தை வலதுக்கு வைத்திருக்கிறேன். இந்த மெசினில் தட்டைப் பக்கம் இடதுக்கு, கொக்கி இருக்கும் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கோர்ப்பது வலதிலிருந்து. ஊசியைத் தளர்த்தி அரை வட்டம் திருப்பினேன். மிதித்தேன். அந்தச் சத்தம் வந்தது.

தையல் அன்றைக்கே விழுந்தாலும் மேல்பக்கத்தில் சுருக்கு இருந்தது. பொபின் கூட்டை நூலில் தொங்கவிட்டு ஒரு சின்ன உதறு உதறினால் ஒரு அங்குலம் மட்டும் இறங்கி நிற்க வேண்டும். என்னுடையது தரைவரை போனது. கூட்டின் சின்ன ஆணியைக் கால் சுற்று இறுக்கினேன். மேல்நூலின் இழுவை நாலில். சனிக்கிழமை நாலு மணிக்கு விழுந்தது அந்தத் தையல்தான். மிதிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும், சில்லின் மேல்பக்கம் எங்களை நோக்கி வர வேண்டும். பிள்ளைகள் மிதித்தால் மறுபக்கம் ஓடி நூல் சிக்கும்.

எண்ணெய் இரண்டு போத்தல் 500, எமரித்தாள் 160, மற்றவை எல்லாம் சேர்த்து 3,255 ரூபா. இதில் ஒரு பெல்ட்டும் சுருள்கம்பியும், 800 ரூபா, என் பிழைக்குப் போனது. முதல் மூன்று நாளில் வழிந்தோடிய எண்ணெயையும் அதில் சேர்க்கலாம்.

பாவாடைக்கு வருகிறேன். மாம்பழ மஞ்சள் பருத்தி, கீழ்விளிம்பு சுற்றளவு இரண்டு யார், அதாவது 72 அங்குலம். அம்மாவின் நூல்த் தகரத்தின் அடியில், நீலத்தாளில் சுற்றிய வெள்ளை ரேந்தை ஒன்று கிடந்தது. கதிரை, அலுமாரி போல ரேந்தையும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். சொல் அவர்களோடு வந்தாலும் எங்கள் வீட்டுக்குப் பின்னல் வந்தது உடுவிலிலிருந்து. அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய அந்தப் பெண்கள் விடுதிப் பாடசாலையில்தான் அம்மம்மா படித்தார், அவரிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு. தகரத்தில் இருந்ததை அளந்தால் 54 அங்குலம். 18 அங்குலம் குறைகிறது.

அதைப் பின்ன மூன்று இரவு போனது. நாற்பதாம் நம்பர் நூல், மெல்லிய உருக்குக் கொக்கி. முதல் ஆறு அங்குலத்தை அவிழ்த்தேன். அம்மாவின் பின்னலில் ஆறு அங்குலத்துக்கு ஒன்பது வளைவு, என்னுடையதில் எட்டு. அவர் கை இறுக்கம், என் கை இளக்கம். கொக்கியை ஒரு அளவு சிறிதாக்கிப் பார்த்தேன், ஒன்பது வந்தது, ஆனால் நுனி விறைத்து நின்றது. கடைசியில் பழைய கொக்கியோடே, நூலைச் சின்னவிரலில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துப் பின்னினேன். அம்மா அப்படித்தான் பிடிப்பார் என்று பாதி வழியில்தான் நினைவு வந்தது. வெள்ளை நிறம் மட்டும் பொருந்தவில்லை, என்னுடையது புது வெள்ளை. கடும் தேயிலைச் சாயத்தைத் தண்ணீரில் கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்டதில் ஓரளவு கிட்ட வந்தது. இரண்டு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

பாவாடை தைத்து முடிந்தது. ரேந்தையைக் கையால்தான் வைத்துத் தைக்கிறேன், அரைவாசி போய்விட்டது. இணைப்பைப் பின்பக்க மடிப்புக்குள் விட்டிருக்கிறேன். கொடியேற்றத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு இரும்புக்காலுக்கு இலாச்சி செய்ய வேண்டும், வேப்பம் பலகை இரண்டு துண்டு பெறாமகன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். பெல்ட் நேற்றிலிருந்து கொஞ்சம் வழுக்குகிறது, கால் அங்குலம் வெட்ட வேண்டும்.